போர்ட்டேஜ் வீட்டுக்கல்வி முறை

வளர்ச்சித் தாமதமோ இயலாமையோ உள்ள குழந்தைகளுக்கு, பிறந்தது முதல் ஆறு வயது வரை, வீட்டிலேயே பெற்றோரைக் கொண்டு கற்பிக்கும் முன்பருவக் கல்வித் திட்டம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள போர்ட்டேஜ் என்னும் ஊரில் 1969-இல் தொடங்கியது. ஃபாக்ஸ், விஸ்கான்சின் என்னும் இரு ஆறுகளுக்கு நடுவே படகுகளைத் தரைவழியே சுமந்து சென்ற இடம் என்பதால் ஊருக்கு அந்தப் பெயர். கல்விக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பியது தொலைவுதான். பண்ணை வீடுகள் சிதறிக் கிடந்த அந்த வட்டாரத்தில் இக்குழந்தைகளை நாள்தோறும் ஒரே வகுப்பறையில் சேர்ப்பது நடக்கிற காரியமாக இல்லை. ஆகவே ஆசிரியர் வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், வீடு தேடிப் போனார். மற்ற நாட்களில் தாயோ தந்தையோதான் ஆசிரியர்.

குழந்தைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று முதலில் பட்டியலில் குறிப்பார்கள். 1976-ஆம் ஆண்டுப் பதிப்பில் 580 திறன்கள் உள்ளன: கைக்குழந்தைக்கான தூண்டல், பழகுதல், மொழி, தன் வேலையைத் தானே செய்தல், அறிதல், உடலியக்கம். திறனுக்கு ஓர் அட்டை. அதிலிருந்து ஒரு வாரத்தில் எட்டக்கூடிய அளவுக்கு இலக்கை நறுக்குவார்கள். ‘தானே சாப்பிடுதல்’ அந்த வார இலக்கு ஆகாது. அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, கரண்டியைக் கிண்ணத்திலிருந்து வாய்வரை கொண்டுபோவது ஆகும். ஆசிரியர் செய்துகாட்டுவார், பிறகு தாயைச் செய்யச் சொல்லிக் கவனிப்பார். அன்றாட முயற்சிகளைப் பெற்றோர் ஒரு தாளில் குறித்துவைப்பார்கள். அடுத்த வாரம் இலக்கு கைகூடவில்லையா, நறுக்கியது பெரிதாகிவிட்டது என்று பொருள். குழந்தையைக் குறை சொல்ல இடமில்லை. இம்முறையில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

குறைகளும் உண்டு. பட்டியலில் இருப்பதாலேயே ஒன்றைக் கற்பிக்கும் பழக்கம் எளிதில் தொற்றிக்கொள்ளும். ஏட்டில் ‘பெற்றோர்’ என்றிருந்தாலும் சுமை பெரும்பாலும் தாயின் தலையில்தான். 2003-இல் வெளிவந்த புதிய கையேடு குளியல், சாப்பாடு, விளையாட்டு போன்ற அன்றாட வேளைகளுக்குள்ளேயே கற்றலைப் பொருத்தப் பார்த்தது.

இயலாமையுள்ள சிறுவர்களின் கல்வி உரிமைக்கு அமெரிக்கா சட்டம் இயற்றியது 1975-இல்; மூன்று முதல் ஐந்து வயதினர் அதில் உறுதியாக இடம்பெற்றது 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தால். அதற்குள் போர்ட்டேஜ் கடல் கடந்திருந்தது. பிரிட்டனில் 1976-இல் தொடங்கி, 1983-இல் தேசியச் சங்கமே அமைந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் மருத்துவர் மேரிகோல்ட் தோர்பர்ன் 1975-இல் தொடங்கிய திட்டத்தில் வீடு வீடாகப் போனவர்கள் ஆசிரியர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள்.