காளிதாஸும் கல்யாண கேசட்டும்

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931). இன்றைக்கு அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். சும்மா வைத்திருந்தாலே பொடியாகிவிடும். போதாததற்கு, அதிலுள்ள வெள்ளிக்காகவே படச்சுருளை அழித்தவர்களும் உண்டு.

1964ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. அங்கே பி.கே. நாயர் 1991ல் ஓய்வு பெறுவதற்குள் சுமார் 12,000 படங்களைச் சேர்த்துவிட்டார். ஃபால்கேயின் 'காளிய மர்தன்' (1919) பிழைத்தது அவரால்தான். ஆனால் 2003ல் புனேயிலேயே ஒரு தீவிபத்து. நைட்ரேட் பிரதிகள் பல சாம்பல்.

சேர்ப்பது பாதி வேலைதான். பெயர், வருஷம் எழுதி, வேறு இடத்தில் இன்னொரு பிரதி வைப்பது மீதி.

உங்கள் பரணில் கிடக்கும் கல்யாண கேசட்டில் தாத்தா இன்னும் நடக்கிறார், பேசுகிறார். புது வி.சி.ஆர் தயாரிப்பு 2016லேயே நின்றுபோனது. பூஞ்சை பிடிப்பதற்குள் கணினிக்கு மாற்றுங்கள். ஒரு பிரதி ஊரில், தங்கச்சி வீட்டிலும் இருக்கட்டும்.