உறுமல் குரலுக்குச் செவி பழகுதல்

டெத் மெட்டல் இசையை முதன்முதலில் கேட்டபோது அதனை வெறும் இரைச்சல் என்றே ஒதுக்கினேன். சொல்லும் விளங்கவில்லை, மெட்டும் பிடிபடவில்லை. வரலாறு பயில்வோர்க்குரிய எளிய வழியே பின்னர்க் கைகொடுத்தது: இசைத்தொகுப்புகளைக் கால வரிசையில் கேட்பது.

1982இல் இங்கிலாந்தின் வெனம் குழு வெளியிட்ட 'பிளாக் மெட்டல்' தொகுப்பில் குரல் கரகரத்ததே தவிர உறுமவில்லை. 1985இல் கலிஃபோர்னியாவின் பொசெஸ்டு குழு தந்த 'செவன் சர்ச்சஸ்' தொகுப்பில் அது மேலும் முரடாயிற்று. 1987இல் சக் ஷூல்டினரின் டெத் குழு 'ஸ்கிரீம் பிளடி கோர்' தொகுப்பை வெளியிட்டபோது உறுமலே பாடும் முறையாகிவிட்டது. கிதாரின் சுருதி தாழ்ந்து, டிரம்ஸின் வேகம் கூடிய இவ்விசையில், குரல் மெட்டைத் துறந்து தாளத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது.

இது தொண்டையைக் கிழிக்கும் கூச்சலன்று. தேர்ந்த பாடகர் மூச்சை அளந்து செலுத்தி, பெரும்பாலும் குரல்நாண்களுக்கு மேலுள்ள பொய்க் குரல்நாண்களை அதிரச் செய்கிறார். திபெத்தியக் கியூட்டோ மடத் துறவியரின் ஓதலிலும், சார்டீனியத் தீவின் 'கான்து ஆ தெனோரே' பாடலின் அடிக்குரலிலும் அவையே அதிர்கின்றன. அங்கே மரபு என்று வியந்ததை இங்கே இரைச்சல் என்று தள்ளியிருக்கிறேன்.

ஷூல்டினர் 2001இல், தம் 34ஆம் வயதில் மறைந்தார். அவரைக் கேட்க விழையும் மாணவர்கள் பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, குரலில் மெட்டைத் தேடாமல் தாளத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள்.