மலை எங்கே தொடங்குகிறது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், சைட்டில் ஓர் அளவு அறிக்கையில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் அளக்காத அளவு. “சும்மா போடு தம்பி, எல்லாரும் போடுறதுதான்” என்றார் மேலாளர். போட்டேன். லேலண்ட் ஸ்டான்ஃபோர்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கையெழுத்து ஞாபகத்துக்கு வருகிறது.

ஸ்டான்ஃபோர்ட் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் மளிகை மொத்த வியாபாரி. 1861இல் சென்ட்ரல் பசிபிக் ரயில் நிறுவனத்தின் தலைவரானார். 1862 ஜனவரியில் மாநில ஆளுநரும் ஆனார். ஒரே ஆள், இரண்டு நாற்காலி. ஆனால் சியரா நெவாடா மலைத்தொடரைத் தாண்ட வழி கண்டவர் தியடோர் ஜூடா என்ற இன்ஜினியர்.

1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, போடுகிற ஒவ்வொரு மைல் பாதைக்கும் அரசு கடன்பத்திரம் கொடுத்தது. சமவெளியில் 16,000 டாலர், மலையில் 48,000. ஆக, மலை எங்கே தொடங்குகிறது என்பது பணக் கேள்வி. சாக்ரமெண்டோவிலிருந்து ஏழே மைலில், தட்டையான ஆர்கேட் ஓடைப் பக்கம் அடிவாரம் தொடங்குவதாக மாநில நிலவியலாளர் ஜோசையா விட்னி ஒப்புதல் தந்தார். அதிபர் லிங்கனும் ஏற்றுக்கொண்டார். நிஜமான ஏற்றம் இன்னும் பல மைல் தள்ளித்தான் வரும்.

ஜூடா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டாளிகளோடு ஏற்கெனவே இருந்த சண்டை முற்றியது. அவர்களுடைய பங்குகளை வாங்கிவிடப் பணம் திரட்ட நியூயார்க் கிளம்பினார். வழியில் பனாமாவில் காய்ச்சல் பிடித்து, 1863 நவம்பரில் இறந்துபோனார். வயது 37.

பதவியேற்பு உரையில் சீனர்களை இழிவாகப் பேசியவர் ஸ்டான்ஃபோர்ட். 1865இல் அதே சீனர்களை அமைதியான, பொறுமையான உழைப்பாளிகள் என்று அதிபர் ஜான்சனுக்குப் புகழ்ந்து எழுதினார். இடையில் பாதைக்கு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 10,000 பேருக்கு மேல் சீனர்கள் வேலை செய்தார்கள். 1867 ஜூனில் வெள்ளையருக்குச் சமமான சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கூட்டாளி கிராக்கர் உணவு வரத்தை நிறுத்தினார். சுமார் ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது.

1869 மே 10. புரொமன்டரி மேட்டில் கிழக்கும் மேற்கும் இணைந்தன. தங்க ஆணி விழாவில் சுத்தியலைப் பிடித்தவர் ஸ்டான்ஃபோர்ட். ஜூடாவின் மனைவி ஆன்னா அங்கே இல்லை. அன்று அவர்களுடைய கல்யாண நாள்.

இறந்துபோன ஒரே மகன் நினைவாக ஸ்டான்ஃபோர்ட் 1885இல் நிறுவிய பல்கலைக்கழகம் உலகத்துக்கே தெரியும். நானும் ஒரு காலத்தில் அதைக் கனவு கண்டவன்தான். கிடைத்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகம். ஜூடாவின் பெயரை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

அந்தப் பாதை நிஜம், பொய் சொன்னது அந்த ஏழாவது மைல் மட்டும்தான் என்று சிலர் சமாதானம் சொல்லலாம். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கட்டடம் நன்றாகத்தான் நிற்கிறது. இருந்தும் அந்த வழியாகப் போகும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை.