நொக்ஸின் நூலில் நமது பதுளை

பண்டாரவளையில் நண்பர் ஒருவரின் வீட்டுச் சுவரிலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய அச்சுத் தாளைக் கண்டேன். மழைக்குத் தாளிப்பனை ஓலையைத் தலைக்குமேல் பிடித்து நிற்கும் ஒரு மனிதனின் உருவம். "றொபேட் நொக்ஸின் சித்திரம்" என்றார் நண்பர், பெருமையோடு.

இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்து தப்பியவர் நொக்ஸ். அவரது நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. உழவு, சூடு மிதித்தல், யானையைக் கொண்டு கொல்லும் தண்டனை எனப் பல செப்புத்தகட்டுச் சித்திரங்கள் அதில் உண்டு. இத்தகைய நூல்களைப் பிரித்துப் படத்தாள்களைத் தனித்தனியே விற்பது மேனாட்டுப் பழம்புத்தக வணிகர் பலரின் வழக்கம். 1921இல் கேப்ரியல் வெல்ஸ் என்ற நியூயோர்க் வணிகர், குறைப்பட்ட குட்டன்பேர்க் வேதாகமம் ஒன்றையே ஏடு ஏடாகப் பிரித்து விற்றார். முழு நூலை வாங்க இயலாதவர்களுக்கு ஓர் ஏடாவது கிட்டியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் நொக்ஸின் நூலைப் பிரித்தால் நமக்கு என்ன நேரும்? கண்டி இராச்சியத்தின் ஐந்து நகரங்களுள் ஒன்றாகப் பதுளையை அவர் குறிப்பிடுகிறார். போர்த்துக்கேயர் அதை எரித்தனர், அரண்மனை பாழ், வழிபாட்டிடங்கள் மட்டும் செவ்வனே நிற்கின்றன, ஊவா நீர்வளமும் மாட்டுச் செல்வமும் மிக்கது, மரங்களோ அரிது என்கிறார். இந்தச் செய்திகளுக்குச் சித்திரம் இல்லை. எனவே படத்தாள் சுவரேறும். பதுளையைச் சொல்லும் தாள் குப்பைக்குப் போகும். நூலின் பெயரையும் ஆண்டையும் பதுளை பற்றிய அப்பகுதியையும் எழுதிப் படத்தின் பின்புறம் ஒட்டிவைக்கும்படி நண்பரைக் கேட்டுக்கொண்டேன்.

நம் தோட்டங்களின் கதையும் இதுவே. 1869இல் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சேறியது. கோப்பிச் செடியில் இலைநோய் காணப்பட்டதும் அதே ஆண்டில்தான். பிற்காலத்தில் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் பாட்டுப் பிரசுரங்களால் தொழிலாளரைத் தட்டியெழுப்பினர். இத்தாள்களுக்குச் சட்டமிட்டு மாட்டியவர் யார்? லயத்துத் தகரப்பெட்டிகளில் கரையான் தின்றது போக எஞ்சியது சிறிதே.

மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒற்றைத் தாளாயினும் எறியாதீர்கள். எந்தத் தோட்டம், எவர் வீடு, எந்தப் புத்தகத்தோடு கிடந்தது என்று ஒரு கடதாசியில் எழுதி அதனோடு வையுங்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ், தந்தை இங்கு பிறந்தார் என்று காட்ட ஒரு தாள் இல்லாமையால் எத்தனையோ குடும்பங்கள் நாடற்றவையாயின. தாளின் அருமையை நமக்கு வேறெவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.