வீட்டு ஆற்றல் திறன் தரநிர்ணயம்

ஒரு வீடு தன்னுள் வசிப்போரின் சௌகரியத்திற்காக எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்பதை ஆராய்ந்து, அதை வாங்குவோரும் வாடகைக்குக் கொள்வோரும் முன்னரே அறியும்படி வெளியிடும் முறை. ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு ஆணையால் விற்பனைக்கும் வாடகைக்கும் இத்தகைய சான்றிதழை அவசியமாக்கிற்று; இந்தியாவில் எரிசக்தித் திறன் செயலகம் வீடுகளுக்கு வகுத்த நட்சத்திரக் குறியீடோ உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததே.

2018இல் வெளியான 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கு, குளிர்ப் பிரதேசங்கள் நீங்கலாக, கூரை தவிர்த்த சுவர், சாளரங்கள் வழியே புகும் வெப்பத்தைச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் அடக்குகிறது. தமிழ்நாட்டின் நெய்வேலி போன்ற வெக்கையும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களில், திறக்கத்தக்க சாளரப் பரப்பு தரைப்பரப்பில் ஆறிலொரு பங்கேனும் இருத்தல் வேண்டும் என்கிறது. சித்திரை வெயிலில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவில் வெளிவிடும் அனலையே மின்விசிறி சுழற்றித் தரும் அறையில் உறங்கியவர் இவ்விதியின் அருமையை உணர்வர்.

1956இல் தோன்றிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் ஊழியர்க்கென வட்டம் வட்டமாக அமைத்த நெய்வேலி நகரியத்தில், வீட்டுக்கு உடையவரே மின்சாரத்தை உற்பத்தி செய்பவருமாவார். நிறுவனக் குடியிருப்புகள் ஒதுக்கீட்டால் கைமாறுவனவாதலின், விற்பனையை ஒட்டிய சான்றிதழுக்கு அங்கு இடமில்லை. ஆயினும் ஒதுக்கீட்டு ஆணையோடு அதை இணைத்து வழங்குவதே நியாயமாகும்.