நான்கு நோயாளர், ஒரு கட்டுரை

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் தகுதியை அவர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையைக் கொண்டு அளப்பது இக்கால வழக்கம். முந்நூறு, நானூறு எனப் பட்டியல் நீளுவதும் உண்டு. ஆனால், உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய்களின் வரலாற்றில் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ ஹக்காரு நிலைபெற்றது ஒரே ஒரு கட்டுரையால். அதன் உட்பொருள் உலகுக்கு விளங்கியபோது அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

வழிவழியாக மருத்துவம் பார்த்துவந்த குடும்பமொன்றில், மியே மாநிலத்துச் சிற்றூரில் 1881-இல் பிறந்தவர் அவர். புக்குவோக்கா மருத்துவக் கல்லூரியின் முதல் அணி மாணவராய் 1907-இல் தேறி, அறுவை மருத்துவப் பேராசிரியர் மியாக்கேயிடம் பணி ஏற்றார். அங்கே கழுத்துக் கழலைக்காக அறுவை செய்யப்பெற்ற நான்கு பெண்களின் தைராயிடுச் சுரப்பித் துண்டுகள் அவர் ஆராய்ச்சிக்குக் கிடைத்தன.

உருப்பெருக்கியின் அடியில் அவர் கண்ட காட்சி எந்த நூலிலும் இல்லாதது. சுரப்பி இருக்கவேண்டிய இடத்தில் நிணநீர் அணுக்கள் முண்டு முண்டாகத் திரண்டு கிடந்தன. சுரக்கும் அணுக்கள் நலிந்து உருத்திரிந்திருந்தன. இடையிடையே நார்த்திசு படர்ந்திருந்தது. அக்காலத்து ஜப்பானிய மருத்துவர்க்கு ஜெர்மன் மொழியே கல்வி மொழி. ஆகவே, கண்டதையெல்லாம் ஜெர்மன் மொழியில் முப்பது பக்கத்தில் எழுதினார். அறுவை மருத்துவ ஏடொன்றில் 1912-இல் அது வெளிவந்தது. இது தனி நோய் என்றார். நான்கே நோயாளரை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்வதற்கும் துணிவு வேண்டும்; இதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதற்கு அதனினும் பெரிய அடக்கம் வேண்டும்.

மேலை அறிஞர் பலர் அதைத் தனி நோயாக ஏற்கவில்லை. தைராயிடை இரும்புபோல் இறுக்கும் வேறொரு நோயை ரீடல் என்பார் 1896-இல் விவரித்திருந்தார். ஜப்பானியர் கண்டது அதன் தொடக்க நிலையே என்று அமெரிக்க நோய்க்கூற்று அறிஞர் யூவிங் கருதினார். இரண்டும் வெவ்வேறு என்று 1931-இல் கிரகாமும் மக்கல்லாவும் எழுதி, தலைப்பிலேயே ஹாஷிமோட்டோவின் பெயரைப் பொறித்தனர். நோய் ஏன் வருகிறது என்பது மட்டும் அப்போதும் விளங்கவில்லை.

விளங்காமைக்கு ஒரு பெரிய பெயரே தடையாய் நின்றது. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடுகளை வைத்துச் சோதனை செய்தார். பிற ஆட்டின் இரத்தத்தைச் செலுத்தினால் அதை அழிக்கும் எதிர்ப்பொருள் உண்டாயிற்று. தன் இரத்தத்துக்கு எதிராக எந்த ஆடும் அதை உண்டாக்கவில்லை. உடல் தனக்குத்தானே நஞ்சாவதை வெறுக்கிறது என அவர் முடிவு கட்டினார். 1904-இலேயே டோனத், லாண்ட்ஸ்டைனர் இருவரும் இதற்கு மாறான சான்று ஒன்றைக் காட்டியும், அது விதிவிலக்காகவே ஒதுக்கப்பட்டது. ஆசிரியர் சொல் எவ்வளவு காலம் அரசாளும் என்பதற்கு இது சான்று.

தடை உடைந்த ஆண்டு 1956. அமெரிக்காவின் பஃபலோ நகரில் இளைஞர் நோயல் ரோஸ் முயல்களின் தைராயிடுச் சாற்றைத் துணைப்பொருள் கலந்து முயல்களுக்கே செலுத்தினார். எதிர்ப்பொருள் தோன்றியது, சுரப்பியில் நிணநீர் அணுக்கள் புகுந்து மொய்த்தன. ஹாஷிமோட்டோ வரைந்து காட்டிய காட்சியே மீண்டும் வந்தது போலிருந்தது. ரோஸின் தலைவர் விட்டெப்ஸ்கி, எர்லிக்கின் உதவியாளரான சாக்ஸிடம் பயின்றவர். அந்த மரபில் வந்தவரே அம்மரபின் முடிவை மறுத்து எழுத நேர்ந்தது.

அதே ஆண்டில் இலண்டனில் டெபோரா டோனியக், ஐவன் ராய்ட் முதலியோர் ஹாஷிமோட்டோ நோயாளரின் இரத்த நீரைத் தைராயிடுச் சாற்றோடு சேர்த்தபோது வீழ்படிவு தோன்றியது. நோயாளர் உடலே தன் சுரப்பியை எதிர்த்து நின்றமை மனிதரிடத்தும் மெய்யாயிற்று.

ஹாஷிமோட்டோவோ மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்று, முதல் உலகப் போர் மூண்டதால் நாடு திரும்பி, 1916 முதல் சொந்த ஊரில் குடும்ப மருத்துவ மனையை நடத்திவந்தார். 1934 ஜனவரியில் டைபாய்டுக் காய்ச்சலால் இறந்தார். வயது 52.

அந்த நான்கு பெண்களின் நோயை அறியக் கத்தி வேண்டியிருந்தது. இன்றோ எதிர்ப்பொருளைக் காட்டும் இரத்தச் சோதனையே பெரும்பாலும் போதும்; குறைந்த சுரப்பை ஈடுசெய்ய நாள்தோறும் தைராக்சின் மாத்திரை ஒன்று கொடுக்கிறார்கள்.