சுவர் பேசிற்று!

ஏடு வாங்கக் காசில்லாதவனும் தெருச் சுவரைப் பார்த்துச் சிந்திக்கலாம். காவலன் தடுக்க மாட்டான், கட்டணமும் இல்லை. ஆதிக்கம் சுவரோவியத்துக்கு அஞ்சுவது அதனாலன்றோ!

1932-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்கே ஒல்வேரா தெரு, உல்லாசப் பயணிகளுக்கென ஒப்பனை செய்யப்பட்ட அங்காடித் தெரு. அதன் மாடிச் சுவரொன்றில் வெப்பமண்டலச் சொர்க்கத்தைத் தீட்டுமாறு மெக்சிகோ ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிகேரோஸைக் கேட்டனர்.

80 அடி நீளச் சுவரில் அவர் தீட்டியது என்ன? பழமும் பறவையுமா? அல்ல! சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி உழவன். அவன் தலைக்குமேல் சிறகு விரித்த கழுகு. அமெரிக்க வல்லரசின் சின்னமல்லவா அந்தக் கழுகு!

பொறுப்பரோ பணம் படைத்தோர்? தெருவிலிருந்து தெரிந்த பகுதியை ஓராண்டுக்குள் வெள்ளையடித்து மறைத்தனர். பத்தாண்டுக்குள் ஓவியம் முழுவதும் மறைந்தது. உண்மையைப் புதைத்துவிட்டோம் என்று மகிழ்ந்திருப்பர்.

ஆனால், 1960-களின் இறுதியில் வெள்ளைப் பூச்சு உதிரலாயிற்று. உழவன் மீண்டும் வெளிப்பட்டான்! உரிமைக்குப் போராடிய மெக்சிகோ வழி இளைஞர்கள் அவனில் தங்களையே கண்டனர். நெடுங்காலப் பாதுகாப்புப் பணிக்குப்பின், 2012 அக்டோபர் 9 அன்று, 80 ஆண்டு கழித்து, ஓவியம் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. வல்லுநர்கள் புதுவண்ணம் தீட்டவில்லை. எஞ்சியதை மட்டுமே காத்தனர்.

வண்ணம் மங்கிற்று, வடிவம் நிற்கிறது. நகரத்தின் வரலாற்றை நாம் அரண்மனைகளில் மட்டும் தேடினால் போதுமா, தோழர்களே? வெள்ளையடித்த சுவர்களையும் சற்றே உற்று நோக்குவோம்!